நெற்களஞ்சியத்தைச் சிமென்ட் பூசிக் காப்பாற்ற முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா, தாளடி அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் காவிரி டெல்டாவில் இரண்டு வேலைகள் சூடுபிடிக்கும். ஒன்று கோயில் திருப்பணி. இன்னொன்று பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டுவது. இரண்டிலும் முதலில் அடிபடுவது நெல் போட்டு வைத்த இடங்கள்தான். வீட்டுக்குள் இருக்கும் மண் குதிர், தாழ்வாரத்தில் கிடக்கும் மரப் பத்தாயம், கோயில் பிராகாரத்தில் நிற்கும் செங்கல் களஞ்சியம் என்று மூன்றுக்கும் ஒரே கதி. சாமி சிலை காணாமல் போனால் போலீஸில் புகார் போகிறது. குதிரை உடைத்தால் இடிபாட்டு மண்ணோடு மண்ணாக டிராக்டரில் ஏறிவிடுகிறது. பத்தாயத்தைப் பழைய மர வியாபாரி பலகைக் கணக்கில் வாங்கிக்கொண்டு போகிறார்.

இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆர்வத்தில் செய்யும் பழுதுபார்ப்பே பல இடங்களில் களஞ்சியத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. முந்நூறு நானூறு வருஷம் நின்ற சுவர், சிமென்ட் பூசிய சில வருஷங்களிலேயே உள்ளுக்குள் பொடியாகிறது. பழைய கட்டட வேலையில் இருக்கிற எங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான கடிதம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவை ஏன் காலியாயின என்பதைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1961ஆம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று எல்லை வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. பெரிய பண்ணைகள் பிரிந்தன, கோயில் நிலங்களிலிருந்து வந்த குத்தகை நெல்லும் குறைந்தது. 1965இல் தொடங்கிய இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. பிறகு நேரடி கொள்முதல் நிலையங்கள் பெருகி, களத்து நெல் வீட்டு வாசலை மிதிக்காமலே லாரி ஏறியது. குறுகிய கால ரகங்கள் பரவிக் குறுவைப் பரப்பு கூடியதும் ஒரு காரணம். புரட்டாசி, ஐப்பசி மழையில் அறுத்த ஈர நெல்லைக் குதிரில் கொட்ட முடியாது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் மாதக்கணக்கில் போட்டு வைக்கலாம். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும் என்பது பழைய கணக்கு. தை மாசத்துச் சம்பா நெல்லுக்கு அது பொருந்தும், ஐப்பசிக் குறுவைக்குப் பொருந்தாது.

காலியானதே பாதிக் கேடு. நெல் போட்டு எடுத்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு முறையாவது குதிரைக் காலி செய்து, எலி வளை பார்த்து, வெடிப்பை அடைத்து, சாணமும் செம்மண்ணும் கலந்து மெழுகுவார்கள். பத்தாயத்தின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள். வேலை நின்றதும் மெழுகலும் நின்றது, கதவு சாத்திக் கிடந்தது, ஓட்டில் ஒழுகியதை யாரும் பார்க்கவில்லை.

முதலில் செங்கல் களஞ்சியம். பாபநாசம் திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் இருப்பது இரகுநாத நாயக்கர் (1600–1634) காலத்து வேலையாகச் சொல்லப்படுகிறது; மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஸ்ரீரங்கம் கோயிலின் நெல் கொட்டாரங்களும் இதே வகைதான். வட்டச் சுவர், மேலே குவிந்த கூரை, சுவரில் வெவ்வேறு உயரத்தில் வாய்கள். மேல்வாயில் கொட்டிக் கீழ்வாயில் எடுப்பார்கள். பழைய நெல் முதலில் வெளியே வரும். நெல் மட்டம் ஏற ஏறக் கீழ் வாய்களை அடைத்துக்கொண்டே போக வேண்டும். பாட்னாவில் 1786இல் கட்டி முடித்த கோல்கர் களஞ்சியத்தில் 145 படி ஏறி 29 மீட்டர் உயரத்து உச்சித் துளையில்தான் கொட்ட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி இன்ஜினியர் கட்டிய அந்தக் குவிமாடத்தோடு ஒப்பிட்டால், நம் ஊர்க் கொத்தனார்கள் மூட்டை தூக்குகிறவன் முதுகையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

வட்டமாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. குவித்த நெல் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். சதுர அறையில் அந்தத் தள்ளல் மூலையைப் பிளக்கும். வட்டச் சுவரில் சுற்றிலும் சமமாகப் பரவும். இருந்தாலும் செங்கல் சுவர் இழுப்பைத் தாங்காது. அதனால்தான் சுவர் அவ்வளவு கனம். வாய் வெட்டிய இடங்களில் வட்டம் அறுபடுவதால் அங்கே நெட்டுக்குத்தான வெடிப்பு வரும். நெல் நிரம்பிய காலத்தில் விழுந்த அந்த வெடிப்பு இன்றைக்குப் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். பார்த்ததும் பதற வேண்டியதில்லை. தரையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு வேறு. அது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்பதற்கு அடையாளம். கூரை தொடங்கும் மட்டத்தில் படுக்கையாக ஓடினால் கூரை சுவரை வெளியே தள்ளுகிறது என்று பொருள். எது உயிரோடு இருக்கும் வெடிப்பு என்று கண்டுபிடிப்பது சுலபம். வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஜிப்சத்தை விரல் கனத்தில் அப்பி, தேதி எழுதிவிட வேண்டும். ஒரு மழையும் ஒரு கோடையும் கழித்துப் பார்த்தால், அப்பியது விண்டிருந்தால் வெடிப்பு இன்னும் ஓடுகிறது. ஓடும் வெடிப்பை அடைப்பது வீண் செலவு. அஸ்திவாரத்துப் பக்கம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்திய பிறகே மேலே கை வைக்க வேண்டும்.

தண்ணீர் பெரும்பாலும் நாம் வரவழைத்ததுதான். பிராகாரத்துக்குத் தளவரிசை போடுகிறோம் என்று ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் தரையை உயர்த்துகிறோம். வெளித் தெருவும் உயர்கிறது. களஞ்சியத்தின் அடி வரிசைகள் மண்ணுக்குள் போகின்றன. முன்பு மண் தரை வழியாக ஆவியான ஈரம் இப்போது சிமென்ட் தளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் சுவரில் ஏறுகிறது. இடுப்பு உயரம் வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் இதுதான் விஷயம். அதற்குச் செய்ய வேண்டியது சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சிமென்ட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஓர் அடி ஆழத்துக்குச் சல்லியும் உடைத்த செங்கல்லும் நிரப்புவது. மழைத் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். செலவும் பெரிதில்லை. ஆனால் நன்கொடையாளர் பெயர் பொறிக்கத் தோதான வேலை இல்லை என்பதாலோ என்னவோ, இதை யாரும் எடுத்துச் செய்வதில்லை.

செய்வதெல்லாம் சிமென்ட் பூச்சு. அது ஏன் கெடுக்கிறது என்றால், பழைய செங்கல் மெத்தென்றது, சூளையில் குறைந்த வெப்பத்தில் வெந்தது. ஈரத்தை வாங்கும், விடும். அதன் மேல் இறுகிய சிமென்ட் படிந்தால் உள்ளே வந்த ஈரம் வெளியேற இடமில்லை. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை உதிர்க்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் புதுசாகத் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று கேட்கும். ஐந்தாறு வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும். அப்படி விழுந்த இடத்தில் மறுபடி சிமென்ட் பூசுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சுவர் ஓர் அங்குலம் மெலிகிறது. எனாமல் பெயின்டும் எமல்ஷனும் இதையே கொஞ்சம் நிதானமாகச் செய்யும்.

சுண்ணாம்புதான் வழி. அதைச் செய்கிற முறையிலும் கோட்டை விடுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பை நீர்த்த பிறகு குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், தண்ணீருக்கு அடியில் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் நீர்க்காத சிறு கட்டிகள் பூச்சுக்குள் போய்விடும். பிறகு மழை ஈரம் பட்டு அவை பொங்கி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். 'சுண்ணாம்பு நிற்காது சார்' என்று சொல்கிற மேஸ்திரிகளில் பாதிப் பேர் பார்த்தது இதைத்தான். ஊறியதைச் சல்லடையில் வடிகட்டி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு கழுவிய ஆற்று மணல் சேர்த்துச் செக்கிலோ இயந்திரத்திலோ நன்றாக அரைக்க வேண்டும். மேல் பூச்சுக்கு மணலை இன்னும் சலித்துக்கொள்ளலாம். கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி எவ்வளவு என்பதில் ஊருக்கு ஒரு கணக்கு. அதிகம் போட்டால் வலு கூடும் என்பது தப்பு. கருப்பட்டி மிஞ்சினால் பூச்சு இறுகத் தாமதமாகும், எறும்பும் மொய்க்கும்.

பூசும் முன் சுவரை முதல் நாளே நனைத்துவிட வேண்டும். காய்ந்த செங்கல் பூச்சிலுள்ள தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும், பிறகு பூச்சு பிடிக்காது. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். குழி ஆழமென்றால் செங்கல் சில்லு வைத்து இரண்டு மூன்று தடவையாக ஏற்றலாம். இரண்டு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி, தென்னங்கீற்றுத் தட்டியால் வெயிலை மறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடாமல் விட்ட சுண்ணாம்புப் பூச்சைக் கையால் தேய்த்தாலே மாவாகக் கொட்டும். ஐப்பசி மழையில் பூசினால் கரைந்து ஓடும். தை முதல் பங்குனி முன்பாதி வரைதான் தோதான காலம். உடைந்த இடத்தில் வைக்கும் செங்கல்லும் பழைய அளவிலேயே, சித்துக்கல் மாதிரி மெல்லியதாக, சொல்லி அறுத்து வாங்க வேண்டும். இன்றைய சேம்பர் சூளைச் செங்கல்லைச் செருகினால் வரிசை ஒட்டாது, அதன் கெட்டித்தன்மை பக்கத்துக் கல்லைத் தின்றுவிடும்.

சுவரில் முளைத்த ஆலும் அரசும் அடுத்த பகை. உழவாரப் பணிக்கு வரும் இளைஞர்கள் நல்ல மனசோடு அதைப் பிடித்து இழுக்கிறார்கள். வேர் சுவரின் உள்மையம் வரை போயிருக்கும். இழுத்தால் நாலைந்து வரிசை கல்லோடு வரும். செடி விரல் பருமனுக்குள் இருந்தால் மழை பெய்த மறுநாள் மெதுவாக உருவலாம். அதற்கு மேல் பருத்துவிட்டால் தண்டை மட்டும் அறுத்துவிட்டு, சுற்றியுள்ள கல்லை ஒவ்வொன்றாக எண் போட்டுக் கழற்றி, வேரை முழுதாக எடுத்து, அதே கல்லைச் சுண்ணாம்பில் திரும்பப் பதிக்க வேண்டும். ஒருநாள் வேலை இல்லை. வேரை அரைகுறையாக விட்டால் அடுத்த ஆவணியில் துளிர்க்கும். ஆசிட் ஊற்றுவது சுண்ணாம்பைத்தான் முதலில் தின்னும்.

இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்பார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் பழைய முறைப்படி செய்த திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஆள் இருக்கிறார்கள். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

மண் குதிருக்கு வருவோம். குதிர் இரண்டு வகை. உறை உறையாகச் செய்து அடுக்கியது ஒன்று, இருந்த இடத்திலேயே கையால் வளர்த்து எழுப்பிய ஒரே உடம்புக் குதிர் மற்றொன்று. இரண்டாவது வகை, வாசற்கால் வைப்பதற்கு முன்பே உள்ளே எழுந்திருக்கும். அதை வெளியே கொண்டுவர முடியாது. 'எப்படியாவது தூக்கிவிடலாம்' என்று கயிறு கட்டினால் வயிற்றோடு விண்டுபோகும். அந்த வீட்டை இடிக்கத்தான் வேண்டும் என்றால் குதிர் உள்ள ஓர் அறையையாவது ஓட்டுக் கூரையோடு விட்டுவைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அளவெடுத்து, படம் பிடித்து, ஒரு துண்டு மண்ணையாவது எடுத்து வைத்துவிட்டு விடைகொடுக்க வேண்டியதுதான்.

உறைக் குதிரைப் பிரித்து நகர்த்தலாம். முதலில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாகச் சாக்பீஸால் இழுத்து, ஒவ்வோர் உறைக்கும் மேலிருந்து எண் போட வேண்டும். கையால் செய்த உறை சரியான வட்டமாக இருக்காது. கோடு இல்லாவிட்டால் திரும்ப அடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. பிறகு இணைப்பில் பூசியிருக்கும் மண்ணை உள்ளேயும் வெளியேயும் கத்தியால் சுரண்டி எடுத்து, மேல் உறையை லேசாக இடமும் வலமும் அசைத்து விடுவிக்க வேண்டும். கடப்பாரை வேண்டவே வேண்டாம். மூன்றடி விட்டமும் இரண்டு அங்குலக் கனமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள ஓர் உறை நூறு கிலோவை ஒட்டி வரும். நான்கு பேர் இல்லாமல் தொடக்கூடாது. உள்ளே வைக்கோல் திணித்த சாக்கைச் செருகிக்கொண்டு நேராகத் தூக்க வேண்டும். உருட்டினால் போச்சு. வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் படுக்கப்போடாமல் நிறுத்தி வைத்து, பக்கத்துக்குப் பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும்.

புது இடத்தில் சிமென்ட் தரைமேல் நேராக வைப்பதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் பிழை. தரை ஈரம் அடி உறையில் ஏறி, இரண்டு மழைக்காலத்தில் அது இளகிவிடும். அரையடி உயரத்துக்குக் கல் வைத்து, அதன்மேல் பலகை போட்டு நிறுத்துங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும்; பூனை சுற்றி வருகிற அளவுக்கு இடம் இருந்தால் எலி பின்னால் குடியேறாது.

வெடிப்பை அடைக்க மண் தயாரிப்பதில் பொறுமை வேண்டும். குளத்துக் களிமண்ணை உலர்த்தி இடித்துச் சலித்து, இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல், உமி, பசுஞ்சாணம் சேர்த்து, தண்ணீர் விட்டு மிதித்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் மூடிப் புளிக்க விட வேண்டும். சரியான பதமா என்று பார்க்க விரல் கனத்தில் ஓர் அடை தட்டி நிழலில் காயவிடுங்கள். வெடித்தால் களி அதிகம். வைக்கோலோ மணலோ சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் களி போதாது. வெடிப்பைக் கத்தியால் கொஞ்சம் அகலமாகத் திறந்து, தூசியைத் தட்டி, ஓரங்களை நனைத்து, சற்றே இறுகலான மண்ணை அழுத்தித் திணிக்க வேண்டும். முதல் திணிப்பு காய்ந்து சுருங்கியதும் விளிம்பில் மயிரிழை தெரியும். அதற்கு இரண்டாவது பூச்சு. ஓரம் நனைக்காமல் அப்பிய மண் காய்ந்ததும் முழுசாகக் கழன்று கையோடு வரும். வெளிப்புறம் செம்மண், சாணப் பூச்சே போதும். பள்ளிக்கூட வாசலில் வைத்த குதிருக்குப் பெயின்ட் அடித்து மயில் வரைவதெல்லாம் ஒரு வருஷ அழகு. பெயின்ட்டுக்கு உள்ளே மண் ஊதி, அப்பளம் மாதிரிப் பொரிந்துவிடும்.

மரப் பத்தாயத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. பலா, தேக்கு, இலுப்பை, வேம்பு எதில் செய்திருந்தாலும் உலர்ந்து இருக்கும்வரை இருக்கும். நல்ல பத்தாயத்தில் ஆணி தேடினாலும் கிடைக்காது. மூலைச் சட்டங்களில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகைகளை மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி, கழுந்தும் (துளைக்குள் நுழையும் முனை) துளையுமாகச் சேர்த்து, ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். பிரிக்கத் தெரிந்தவருக்கு அரைநாள் வேலை. தெரியாதவர் சுத்தியல் எடுத்தால் கழுந்து ஒடிந்துவிடும், பிறகு அது வெறும் பலகைதான்.

மார்கழியில் பிரிக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் பலகை உப்பிக் காடியில் இறுகிக் கிடக்கும். பங்குனியில் தானே தளரும். முதலில் ஆப்பைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்து, பிறகு மேல்மூடிப் பலகைகள், பிறகு முன்பக்கம், கடைசியில்தான் மூலைச் சட்டம். ஒவ்வொரு பலகையின் உள்முகத்திலும் உளிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோடு, இரண்டு கோடு, குறுக்குக் கோடு என்று செய்த ஆசாரி வெட்டிவைத்த வரிசைக் குறி அது. அதை இழைத்துவிட்டால் திரும்பச் சேர்க்க வழியே இல்லை. காரைக்குடிப் பக்கத்துப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிற பலகைகளில் இந்தக் குறிகள் இழைப்புளியில் போய்விடுகின்றன. மேசையாக மாறிய பிறகு எந்த ஊர்ப் பத்தாயம் என்று சொல்ல யாராலும் முடியாது.

செல் (கறையான்) பத்தாயத்தின் கால் வழியாகத்தான் ஏறும். காலுக்குக் கல் வையுங்கள். உளுத் துளைகள் தெரிந்தால் உடனே மருந்துக்கு ஓட வேண்டாம். துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பொறுங்கள். புதுசாக வெளிர்த்தூள் விழுந்திருந்தால்தான் புழு உயிரோடு இருக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸும் 40 கிராம் போரிக் ஆசிட்டும் கரைத்து, வார்னிஷ் இல்லாத மரத்தில் இரண்டு தடவை கையுறை போட்டுக்கொண்டு தடவலாம். நெல் கொட்டப்போகிற பத்தாயத்தின் உள்பக்கம் மட்டும் இந்தக் கரைசலைத் தொடக்கூடாது. அங்கே துடைத்து வெயில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்சிக்கு வைப்பவர்கள் வார்னிஷ் அடிக்கத் துடிப்பார்கள். வெளிப்பக்கம் வெதுவெதுப்பான வேப்பெண்ணெய் துணியில் தொட்டுத் தேய்த்தாலே மரம் கண் திறக்கும்.

எதைத் தொடும் முன்னும் பதிவு. அளவு, படம், கொள்ளளவு. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 16 கிலோ நெல் பிடிக்கும். உள்ளளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி உயரமுள்ள பத்தாயம் 160 கன அடி. இரண்டரை டன், அதாவது 60 கிலோ மூட்டையில் நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கை அந்த வீட்டுக்கு இருந்த நிலத்தோடு வைத்துப் பார்த்தால், நெல் அந்தக் குடும்பத்துச் சாப்பாட்டுக்கா, விலை ஏறும்வரை காத்திருந்த வியாபாரத்துக்கா என்பது தெரிந்துவிடும்.

சுவரையும் பாருங்கள். பத்தாயத்துக்கு மேலே, குதிர் வாய்க்குப் பக்கத்தில், கரியிலோ சுண்ணாம்பிலோ இழுத்த கோடுகள் இருக்கும். நெல் அளக்கும் மரக்காலின் எண்ணிக்கை. 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்று தஞ்சைக் கணக்கில் கோடுகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். 'லாபம்' என்று சொல்லி முதல் மரக்காலை அளந்தவர் 'ரெண்டு', 'மூணு' என்று தொடரத் தொடர, இன்னொருவர் சுவரில் இழுத்தது. டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் வெள்ளைக்கு அடியில் மறைந்த கோடுகூட எழுந்து தெரியும். அப்படியே படம் எடுங்கள். எங்கள் அனுபவத்தில் களஞ்சியத்தில் முதலில் அழிவது இந்தக் கோடுகள்தான். வெள்ளையடிக்க வந்தவர் செய்கிற முதல் காரியம் கரியைச் சுரண்டுவது.

பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது வீட்டுக்காரர்களோடு நிறுத்திவிடுவது வழக்கமாக இருக்கிறது. குதிரில் நெல் கொட்டியவர், அளந்தவர், மெழுகியவர், காவல் இருந்தவர் எல்லோரும் வேறு தெருவில் இருப்பார்கள். அங்கேயும் போக வேண்டும். பண்ணையாள்களுக்குக் கூலி நெல்லாகத்தான் வந்தது. எந்த மரக்காலால் அளந்தார்கள், தலை தட்டியா குவித்தா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கென்று தனியாக வர வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மடிந்ததற்குப் பின்னால் இருந்தது கூலி நெல் தகராறு. நிரம்பிய பத்தாயத்தைப் பெருமையாக மட்டும் எழுதிவைத்தால் அது பாதிக் கணக்கு. அருங்காட்சியகத்தில் பத்தாயத்தை வைப்பவர்கள் பக்கத்திலேயே கூலி மரக்காலையும் வைக்கட்டும்.

துணைப் பொருள்களையும் பிரிக்காதீர்கள். குதிர் வாயை அடைத்த கட்டை, மூடி, ஏணி, முறம், மரக்கால், பத்தாயப் பூட்டு எல்லாம் சேர்ந்ததுதான் களஞ்சியம். மூடி ஒரு வீட்டிலும் உடம்பு இன்னொரு இடத்திலும் இருந்தால் இரண்டும் பயனில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. கோயில் திருப்பணிக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது கோபுரம், விமானம், மண்டபம் என்று தலைப்பிடுகிறார்கள்; களஞ்சியம் 'இதர வேலைகள்' என்பதற்குள் போய், சிமென்ட் பூச்சுக்கு இத்தனை சதுர அடி என்று முடிகிறது. அறநிலையத் துறை இதற்குத் தனித் தலைப்பு கொடுத்து, சுண்ணாம்பு வேலை என்று குறிப்பிட்டாலே பாதிச் சேதம் நிற்கும். வீடுகளில் இருப்பவற்றுக்குச் சட்டம் எதுவும் உதவாது. தனியார் சொத்து, அவர்கள் விருப்பம். ஆனால் ஊரில் என்ன இருக்கிறது என்று எழுதிவைக்க யார் அனுமதியும் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஒரு களஞ்சியம்: எந்தத் தெரு, குதிரா பத்தாயமா, அளவு, பொருள், பழுது, சுவர்க் கோடு உண்டா, விற்கவோ இடிக்கவோ எண்ணம் இருந்தால் யாரிடம் முன்கூட்டிச் சொல்வது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் மே 1 கூட்டம், வீடு இடிக்கும் பருவத்துக்கு நடுவில் வருகிறது. அந்தக் கூட்டத்தில் இந்த நோட்டை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி ஊராட்சித் தலைவர்களை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். எழுதும் வேலைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போதும். அளவு நாடா மட்டும் இரும்பில் வாங்கிக் கொடுங்கள். துணி நாடா குதிர் வயிற்றைச் சுற்றும்போது இழுபட்டுத் தப்புக் காட்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள்,
கும்பகோணம்.